கலீலின் தாய்: ஷஜருத்துர் யார் பலத்தில் ஆண்டார்?

கடல்காகம் எழுதியது:

ஒரு நாணயத்தை வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். 1250-ல் கெய்ரோ அக்கசாலையில் அடித்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை அடிக்கச் சொன்னவர் எகிப்தை ஆண்ட ஒரு பெண். விலைக்கு வாங்கப்பட்ட அடிமையாக அந்தப்புரத்துக்குள் வந்தவர். காசில் அவரைப் பற்றி எழுதியிருப்பது இது: முஸ்தஃசிமைச் சேர்ந்தவர், சாலிஹைச் சேர்ந்தவர், முஸ்லிம்களின் அரசி, மன்னர் மன்சூர் கலீலின் தாய்.

முஸ்தஃசிம், அப்போது பாக்தாதில் இருந்த கலீஃபா, அதாவது முஸ்லிம் உலகின் தலைவர். சாலிஹ், இவரை வாங்கிய எஜமானர், பிறகு கணவர், சில மாதங்களுக்கு முன்பு இறந்துபோன சுல்தான். கலீல், இவர் பெற்ற மகன், சின்னக் குழந்தையாகவே இறந்துவிட்டவன். ஆக அந்தக் காசில் மூன்று ஆண்களின் பெயர் இருக்கிறது, அதில் இருவர் உயிரோடு இல்லை. ஷஜருத்துர் என்ற இவருடைய பெயரை மட்டும் காணோம்.

அந்தப் பெயருக்கு முத்து மரம் என்று பொருள். அதுவும் பெற்றவர்கள் வைத்ததாக இருக்காது. வாங்கி வந்த பெண்களுக்கு இப்படி முத்து, மலர் என்று பெயர் சூட்டுவது அந்த வீடுகளின் வழக்கம். பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, அம்மா கூப்பிட்ட பெயர் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. துருக்கிய இனம் என்பவர்களே அதிகம், ஆர்மீனியர் என்பவர்களும் உண்டு.

இவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அழகால் சுல்தானை மயக்கினார்" என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போரின் நடுவே, செத்துப்போன ஒருவரின் கையெழுத்தை வைத்து ஒரு நாட்டையே நடத்திக் காட்டியவர் இவர். பிறகு செத்துப்போன குழந்தையின் பெயரை வைத்து அரியணையில் உட்கார்ந்தார். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டிருந்த வரை உயர்ந்தார் என்பது என் வாதம். படித்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பம்பூ எழுதியது:

முதலில் ஒரு சந்தேகம், கடல்காகம் அண்ணா. இவரைத் தமிழில் எப்படிக் குறிப்பிடுவது? எங்கு பார்த்தாலும் "ஆசைநாயகி" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ விரும்பிப் போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கிறது. "வைப்பாட்டி" என்றால் ஏச்சு. விலை கொடுத்து வாங்கி, வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத ஒரு பெண்ணை நாயகி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. கடைசி வரை இவர் அடிமைதானா? அடிமை எப்படி அரசியாக முடியும்?

காயல் மைந்தன் எழுதியது:

தங்கை கேட்டது நல்ல கேள்வி. நான் சின்ன வயதில் மதரஸாவில் ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்டம், படித்தபோது இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. எஜமானருக்குக் குழந்தை பெற்ற அடிமைப் பெண்ணுக்கு "உம்மு வலத்" என்று பெயர், அதாவது பிள்ளையின் தாய். அந்த நிலை வந்துவிட்டால் அவளை விற்கக் கூடாது. எஜமானர் இறந்த அன்றே அவள் சுதந்திரப் பெண். குழந்தை பிறக்கும்போதே சுதந்திரப் பிள்ளை, அப்பாவின் மற்றப் பிள்ளைகளோடு சமமான வாரிசு.

இதை வைத்துப் பார்த்தால் கலீல் பிறந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1239-ல் சாலிஹ் அய்யூப் இன்னும் எகிப்தின் சுல்தான் ஆகவில்லை. உறவினர் ஒருவர் பிடித்து, இன்றைய ஜோர்டானில் இருக்கும் கரக் கோட்டையில் அடைத்துவிட்டார். கூட இருந்த படையெல்லாம் கலைந்துவிட்டது. சிறைக்குள் அவரோடு போனவர்கள் மிகச் சிலர், அதில் ஒருவர் ஷஜருத்துர். அந்தக் காலத்திலேயே கலீலைப் பெற்றார். மறு வருடம் 1240-ல் சாலிஹ் கெய்ரோவில் அரியணை ஏறினார், இவரை விடுதலை செய்து மணந்துகொண்டார்.

குழந்தை போய்விட்டது, "கலீலின் தாய்" என்ற பெயர் போகவில்லை. பிற்காலத்தில் ஆணைகளில் இவர் போட்ட கையெழுத்தே "வாலிதத் கலீல்" என்பதுதான். எனக்குத் தெரிந்து ஒரு தாய் இறந்த பிள்ளையின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு ஒரு நாட்டை ஆண்டது வேறெங்கும் இல்லை.

கடல்காகம் எழுதியது:

பாய் சொன்னது எனக்குப் பெரிய உதவி. அந்தக் கூடாரத்துக்குள் நடந்ததை இப்போது விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அதுதான் அடிப்படை.

1249 ஜூன். பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையோடு நைல் முகத்துவாரத்தில் டமியெட்டாவில் இறங்குகிறார். காவல் படை போரிடாமலே ஊரைக் காலி செய்துவிட்டது. சுல்தான் சாலிஹுக்கோ கடுமையான நோய், குதிரையில் ஏற முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் மன்சூராவில் பாளயம் இறக்குகிறார்கள். அங்கேயே நவம்பர் கடைசியில் இறந்துபோகிறார்.

இப்போது நிலைமையை யோசியுங்கள். எதிரி ஆற்றோரமாகத் தெற்கே நகர்ந்து வருகிறான். வாரிசு தூரான்ஷா, சாலிஹின் இன்னொரு மனைவியின் மகன், டைகிரிஸ் கரையில் ஹிஸ்ன் கைஃபாவில் இருக்கிறார். ஆள் போய் அழைத்து வர மாதங்கள் ஆகும். சுல்தான் இறந்த செய்தி வெளியே போனால் படை அன்று இரவே கலைந்துவிடும்.

ஷஜருத்துர் இரண்டே பேரிடம் சொன்னார். ஒருவர் தளபதி ஃபக்ருத்தீன், இன்னொருவர் காயடிக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களின் தலைவர் ஜமாலுத்தீன் முஹ்சின். உடலை ரகசியமாகப் படகில் ஏற்றி, நைலுக்கு நடுவில் இருக்கும் ரவ்தா தீவின் கோட்டைக்கு அனுப்பினார். பாளயத்தில் எதுவும் மாறவில்லை. சுல்தானின் கூடாரத்துக்கு வேளாவேளைக்கு உணவு போனது. "உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்க மாட்டார்" என்று வாசலில் பதில். ஆணைகள் மட்டும் தவறாமல் வெளியே வந்தன, சுல்தானின் கையெழுத்தோடு. சாலிஹ் சாகுமுன் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார் என்கிறார்கள். அவர் கையெழுத்தைப் போலவே எழுதத் தெரிந்த ஒரு வேலைக்காரர் இருந்தார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

சுல்தானின் பேரிலேயே எல்லா அமீர்களிடமும் (படைத்தலைவர்களிடமும்) தூரான்ஷாவுக்கு விசுவாசப் பிரமாணம் வாங்கினார். தூரான்ஷாவை அழைத்து வர அக்தாய் என்ற மம்லூக் (அடிமையாக வாங்கிப் பயிற்சி கொடுத்த வீரர்) தளபதி புறப்பட்டார்.

எனக்கு மனதில் நிற்பது அந்தச் சாப்பாட்டுத் தட்டுதான். ஒவ்வொரு வேளையும் நிறைந்து உள்ளே போய், சாப்பிட்டது போலத் திரும்பி வர வேண்டும். உள்ளே அழக்கூட முடியாமல் ஒரு பெண், பத்து ஆண்டாவது கூடவே இருந்த மனிதர் இல்லாத கூடாரத்தில் உட்கார்ந்து அடுத்த ஆணையை யோசிக்கிறார். இதை மயக்கும் அழகோடு எப்படி முடிச்சுப் போடுவது?

மதில்மேல் எழுதியது:

கடல்காகம், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். போரை வென்றது அவர் இல்லை. 1250 பிப்ரவரி 8-ஆம் தேதி லூயியின் தம்பி ராபர்ட் ஆற்றின் கிளையைக் கடந்து முஸ்லிம் பாளயத்துக்குள் பாய்ந்தார். ஃபக்ருத்தீன் குளித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து கவசம்கூட இல்லாமல் ஓடி வந்து செத்தார். ராபர்ட் வெற்றி மமதையில் மன்சூரா ஊருக்குள்ளேயே குதிரையை விட்டார். குறுகிய தெருக்களில் அவரையும் டெம்ப்ளர் என்ற சிலுவைப் படைத் துறவி வீரர்களையும் மடக்கி முடித்தது சாலிஹின் பஹ்ரி மம்லூக்குகள். அவர்களில் ஒருவரான பைபர்ஸ் பெயரெடுத்தது அங்கேதான். ஏப்ரலில் பின்வாங்கிப் போன லூயியைப் பிடித்ததும் அவர்கள்.

தூரான்ஷாவைக் கொன்றதும் அவர்களே. பிறகு யாரை உட்கார வைப்பது என்று தெரியாமல் இவரை உட்கார வைத்தார்கள். வாள் யார் கையில் இருந்ததோ அவர்கள்தான் ஆண்டார்கள். இவர் முகப்பு மட்டும் என்பது என் கருத்து.

காயல் மைந்தன் எழுதியது:

முகப்பு என்று சொல்லிவிடலாம் மதில்மேல் சார், ஆனால் ஏன் இவரையே முகப்பாக வைத்தார்கள் என்று கேட்க வேண்டும் இல்லையா?

மம்லூக் என்ற சொல்லுக்கே உடைமையாக்கப்பட்டவன் என்று பொருள். கிப்சாக் புல்வெளிகளில் சிறுவர்களாகப் பிடித்து விற்கப்பட்ட துருக்கியப் பையன்கள். சாலிஹ் அவர்களை நூற்றுக்கணக்கில் வாங்கி ரவ்தா தீவில் வைத்துப் பயிற்சி கொடுத்தார். எகிப்தில் நைலை "பஹ்ர்" என்பார்கள், அதனால் பஹ்ரிகள். அப்பா அம்மா இல்லாத அந்தப் பையன்களுக்கு வாங்கிய எஜமானர்தான் தகப்பன் ஸ்தானம், கூட வளர்ந்தவன்தான் சகோதரன். ஷஜருத்துரும் அதே வீட்டுக்கு அதே வழியில் வந்தவர். ஒரே எஜமானரின் பெயரைத் தங்கள் பெயரோடு சுமந்தவர்கள் எல்லோரும். காசில் "சாலிஹைச் சேர்ந்தவர்" என்று இருப்பது வெறும் மனைவி என்ற பொருளில் இல்லை. "நானும் உங்களில் ஒருத்தி" என்று அந்தப் படைக்குச் சொல்கிற வார்த்தை அது. அவர்களுக்குள் எந்த அமீரை உயர்த்தினாலும் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எஜமானரின் விதவையை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

தூரான்ஷா இதைப் புரிந்துகொள்ளவில்லை. வந்ததும் தன்னோடு வந்தவர்களுக்குப் பதவி கொடுத்தார், அப்பாவின் ஆட்களை ஒதுக்கினார். இரவில் குடித்துவிட்டு மெழுகுவர்த்திகளின் தலையை வாளால் சீவி, "பஹ்ரிகளை இப்படித்தான் செய்வேன்" என்று சொன்னதாக ஏடுகளில் இருக்கிறது. ஷஜருத்துருக்கு ஆள் அனுப்பி, அப்பாவின் செல்வத்தை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டினார். யார் அவருக்காக அரியணையைக் காத்து வைத்தாரோ அவரையே. இவர் மம்லூக்குகளுக்கு எழுதி முறையிட்டார். மே 2-ஆம் தேதி ஃபாரிஸ்கூரில் தூரான்ஷாவின் கதை முடிந்தது. எரியும் கோபுரத்திலிருந்து தப்பி ஆற்றில் குதித்தும் விடவில்லை.

வேப்பம்பூ எழுதியது:

நேற்று இரவு முழுக்க இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அதே சமயத்தில் டமியெட்டாவில் இன்னொரு பெண் இருந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்கிறதா? லூயியின் மனைவி மார்கரெட். நிறைமாதக் கர்ப்பிணி. கணவர் சிறைப்பட்ட அதே நாட்களில் பிரசவம், ஆண் குழந்தை. துயரத்தில் பிறந்ததால் பெயரே ழான் திரிஸ்தான். ஊரைக் காத்த ஜெனோவா, பைசா ஆட்கள் ஓடப் பார்த்தபோது, பிரசவித்த படுக்கையிலிருந்தே அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, தன் செலவில் உணவு வாங்கித் தருவதாகச் சொல்லி நிறுத்தி வைத்தார். ஊர் கைவிட்டுப் போயிருந்தால் கணவரை மீட்கக் கையில் பணயமே இருந்திருக்காது.

ஆற்றின் ஒரு முனையில் குழந்தை பெற்ற ராணி, இன்னொரு பக்கம் குழந்தையை இழந்த ராணி. லூயியின் விடுதலைப் பேரம் இவர்கள் இருவர் காலத்தில்தான் முடிந்தது. டமியெட்டா திரும்பக் கைக்கு வந்தது, பிணைப்பணம் 4 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). அதில் பாதியை மன்னர் போகுமுன்பே கொடுத்தாக வேண்டும். வெள்ளியைத் தராசில் நிறுக்கவே சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆனதாம். கடைசியில் குறைந்ததற்கு டெம்ப்ளர்களின் பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று.

இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

பழங்காசு எழுதியது:

நாணயம் சேகரிப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்தக் கால இஸ்லாமிய நாடுகளில் ஒருவர் ஆள்கிறார் என்பதற்கு இரண்டே அடையாளம்: காசில் பெயர், வெள்ளிக்கிழமை குத்பாவில் (தொழுகைப் பிரசங்கத்தில்) பெயர். இவருக்கு இரண்டும் கிடைத்தது. பள்ளிவாசல் மேடைகளில் சாலிஹின் மனைவி, கலீலின் தாய் என்று சொல்லி துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். வெறும் முகப்புக்கு இவ்வளவும் செய்ய மாட்டார்கள்.

டெல்லி ரஸியாவை எல்லோரும் ஒப்பிடுவார்கள், 1236 முதல் 1240 வரை ஆண்டவர். ஆனால் ரஸியா சுல்தானின் மகள், இரத்த உரிமையோடு வந்தவர். இவருக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் கலீஃபாவின் பெயரைக் காசில் முதலில் போட்டார் என்று நினைக்கிறேன், "நான் உங்களுக்குக் கட்டுப்பட்டவள், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று கேட்பது போல.

பாக்தாத் ஏற்கவில்லை. "உங்களிடம் ஆண் இல்லையென்றால் சொல்லுங்கள், இங்கிருந்து ஒருவரை அனுப்புகிறோம்" என்று கலீஃபா எழுதியதாகப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். சிரியாவின் அமீர்கள் பிரமாணம் செய்ய மறுத்து, டமாஸ்கஸை சாலிஹின் அய்யூபி வம்சத்தைச் சேர்ந்த அலெப்போ மன்னரிடம் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 80 நாளில் இவர் அரியணையை விட்டு இறங்கி, தளபதி ஐபக்கை மணந்து, பட்டத்தை அவரிடம் கொடுக்க வேண்டி வந்தது.

அந்தக் கடிதத்தை எழுதியவரின் கதியையும் சொல்லிவிடுகிறேன். 1258-ல் மங்கோலியர் பாக்தாதுக்குள் புகுந்து அதே முஸ்தஃசிமைக் கொன்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1260-ல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியரை நிறுத்தியது கெய்ரோவின் மம்லூக் படை.

மதில்மேல் எழுதியது:

குத்பா, காசு இரண்டையும் நான் யோசிக்கவில்லை. முகப்பு என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் முடிவைப் பேசாமல் விட்டால் அது நேர்மை இல்லை. ஐபக்கின் முதல் மனைவியை விவாகரத்து செய்ய வைத்தார். ஏழு ஆண்டுகள் கழித்து ஐபக் மோசுல் அரசரின் மகளைக் கட்டப் போகிறார் என்றதும், 1257 ஏப்ரலில் குளியலறையில் வேலைக்காரர்களை விட்டுக் கொன்றார். ஐபக் இரவில் திடீரென்று செத்துவிட்டார் என்றுதான் வெளியே சொன்னார்கள். இந்த முறை யாரும் நம்பவில்லை. வேலைக்காரர்கள் சித்திரவதையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து ஐபக்கின் முதல் மனைவியின் பணிப்பெண்கள் மரச்செருப்பால் அடித்தே இவரைக் கொன்றார்கள். உடலைக் கோட்டைக்கு வெளியே வீசிவிட்டார்கள். கொலையைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடல்காகம் எழுதியது:

கொலைதான். அதை நான் மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒன்று இருக்கிறது. 1249-ல் ஒரு மரணத்தை மாதக்கணக்கில் மறைத்தவரால் 1257-ல் ஒரு மரணத்தை ஒரு நாள்கூட மறைக்க முடியவில்லை. ஏன்? முதல் தடவை மன்சூரா பாளயம் முழுக்க சாலிஹின் ஆட்கள். இரண்டாவது தடவை அவர்கள் கெய்ரோவில் இல்லை. 1254-ல் ஐபக் அக்தாயைக் கொன்றபோது பைபர்ஸ் உட்பட பஹ்ரிகளில் பெரும்பகுதியினர் சிரியாவுக்கு ஓடிவிட்டார்கள். கோட்டையில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஐபக்கின் சொந்த மம்லூக்குகள். மீதி இருந்த சில சாலிஹி ஆட்கள்தான் இவரைக் கொஞ்ச நாளாவது சிவப்புக் கோபுரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் கைதான் கடைசியில் ஓங்கவில்லை.

"சாலிஹைச் சேர்ந்தவர்" என்ற பெயருக்கு அர்த்தம் கொடுத்த மனிதர்கள் இல்லாமல் போனார்கள். மோசுல் இளவரசி வந்தால் "கலீலின் தாய்" என்ற பெயருக்கும் மதிப்பு இருக்காது, அரண்மனையில் வேறொரு பிள்ளையின் தாய் வந்துவிடுவார். எதை இழக்கப்போகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முடிவு நெருங்கியதும் தன் நகைகளையெல்லாம் உரலில் போட்டு இடித்தார், இன்னொருத்தி போட்டுக்கொள்ளக் கூடாதென்று, என ஒரு கதை உண்டு. முத்து மரம் என்று பெயர் வாங்கியவர் முத்தை இடித்தார் என்று படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு கனத்தது.

நாஞ்சில் தென்றல் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசிப் பதிவைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. நான் வேலை விஷயமாகக் கெய்ரோவில் கொஞ்ச காலம் இருந்தேன். இவருடைய அடக்கத்தலத்துக்குப் போயிருக்கிறேன்.

பிரமிடு பார்க்கப் போகிற கூட்டம் அந்தப் பக்கமே வராது. அல்-கலீஃபா தெரு, பழைய நகரத்தின் தென்பகுதி. டயர் பஞ்சர் கடை, காய்கறி வண்டி, பையன்கள் பந்து விளையாடும் சத்தம். நடுவே ஒரு சின்னக் கும்மட்டக் கட்டடம். தெரு மட்டம் காலப்போக்கில் ஏறிவிட்டதால் படி இறங்கித்தான் போக வேண்டும். நிலத்தடி நீர் ஊறிச் சுவரின் கீழ்ப்பகுதி அரித்திருந்தது. எதிரில் செய்யிதா ருகையாவின் தர்கா, அங்கே பெண்கள் கூட்டமாக வந்து போகிறார்கள். இவர் உயிரோடு இருக்கும்போதே, சுல்தானாக இருந்த காலத்தை ஒட்டி, அந்தப் புனிதப் பெண்களின் அடக்கத்தலங்களுக்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கட்டி வைத்தது.

உள்ளே இருட்டு. சாவி வைத்திருந்த பெரியவர் மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் மாடக்குழி) பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். மாடக்குழியின் மேல் வளைவு முழுக்க தங்க நிறக் கண்ணாடிச் சில்லுகளால் மொசைக். அதன் நடுவே ஒரு மரம், வளைந்து வளைந்து மேலே போகிற கிளைகள். கிளைகளில் அங்கங்கே வெள்ளையாக ஏதோ மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முத்துச்சிப்பித் துண்டுகள். முத்து காய்த்த மரம்.

கடல்காகம் முதல் பதிவில் காசில் அவர் பெயர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எழுத்துத் தெரியாதவர்களும் வாசிக்கிற மாதிரி அந்தப் பெயரைப் பதித்து வைத்திருக்கிறார்.

வேப்பம்பூ எழுதியது:

தென்றல் அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. போட்டோ இருந்தால் போடுங்கள். நான் கேட்ட முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. இனிமேல் இவரை ஆசைநாயகி என்று எழுத மாட்டேன், ஷஜருத்துர் என்றே எழுதுகிறேன்.

நாஞ்சில் தென்றல் எழுதியது:

பழைய ஃபோனில் இருக்கிறது தங்கை. வெளிச்சம் குறைவு, மரம் மட்டும் ஓரளவு தெரியும். இரவு வீட்டுக்குப் போனதும் தேடி எடுத்துப் போடுகிறேன்.